எலும்பும் உயிருள்ளதே

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், நோயுற்றோரைக் காணச் சென்ற நாம் ஓர் இல்லத்தின் திண்ணையில் கால் வைத்தோம். அவ்வீட்டு மூதாட்டி, எழுபத்து நான்கு வயதினர், உள்ளறைக் கட்டிலில் கிடந்தார். முதல் நாள் மாலை கொல்லைப்புறத்தில், துவைக்கும் கல்லருகே படர்ந்திருந்த பாசியில் கால் வழுக்கி விழுந்தவர் பின்னர் எழவில்லை. வலக்கால் இடக்காலைவிடச் சற்றே குறுகி, பாதம் வெளிப்புறமாகச் சாய்ந்து கிடந்தது. "நாற்று நட்டும் களை பறித்தும் இரும்பாய் இருந்த உடம்பு சாமி, கண்ணாடி வளையல் போல உடைந்து போயிற்றே" என்று அவர் கண் கலங்கினார்.

மகன் நம்மைத் திண்ணைக்கு அழைத்து வந்து தாழ்ந்த குரலில் பேசினார். "பட்ட மரம் துளிர்க்குமா சாமி? கிழ எலும்பு இனி ஒட்டாது என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். இந்த வயதில் அறுவை செய்து அம்மாவை ஏன் வருத்த வேண்டும்? கிடக்கிற வரைக்கும் கட்டிலிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறோம்."

அவர் அன்பில்லாத மகன் அல்லர். தாயின் தலைமாட்டில் இரவு முழுவதும் கண் விழித்திருந்தவர். அவரது முடிவுக்குக் காரணம் ஒரே ஒரு தவறான எண்ணம்: எலும்பு என்பது உயிரற்ற பொருள், முதுமையில் அது உலர்ந்த விறகாகிவிடுகிறது என்னும் எண்ணம். இவ்வெண்ணம் அவருக்கு மட்டும் உரியதன்று. நம்மில் பலரும் எலும்பைக் கண்டிருப்பது கல்லறைத் தோட்டத்தில் குழி தோண்டும்போது, அல்லது பள்ளிக்கூட ஆய்வறையில் தொங்கும் எலும்புக்கூட்டில், அல்லது விருந்து நாளில் உணவு இலையில். அவை யாவும் இறந்த எலும்புகள். வாழும் மனிதனின் உடலுக்குள் இருக்கும் எலும்பை நாம் கண்ணால் காண்பதில்லை. ஆகவே அதன் உள்ளே நிகழும் ஓயாத உழைப்பையும் அறிவதில்லை. அவ்வுழைப்பைப் பற்றியே இவ்விதழில் நம் குடும்பங்களோடு சற்று விரிவாகப் பேச விரும்புகிறோம்.

கல்லும் அன்று, கட்டையும் அன்று

வளர்ந்த மனிதனின் உடலில் 206 எலும்புகள் உள்ளன. அவற்றின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு, சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் சேர்ந்த தாது உப்பு. எஞ்சிய பங்கில் பெரும்பகுதி 'கொலாஜன்' என்னும் புரத நார். சிறிது நீரும் உண்டு. தாது உப்பு எலும்புக்கு உறுதியைத் தருகிறது. நார் அதற்கு வளைந்து கொடுக்கும் தன்மையைத் தருகிறது. கட்டட வேலை அறிந்தவர்கள் இதனை எளிதில் புரிந்துகொள்வர். கான்கிரீட்டில் சிமெண்டும் கம்பியும் எப்படியோ, எலும்பில் உப்பும் நாரும் அப்படி.

இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கோழியின் கால் எலும்பு ஒன்றைச் சுத்தம் செய்து, காடியில் சில நாட்கள் ஊற வைத்து, காடியை ஓரிரு முறை மாற்றுங்கள். உப்பு கரைந்துவிட, எலும்பு ரப்பரைப் போல வளையும். மற்றொரு எலும்பை நன்கு எரியும் அடுப்பில் இடுங்கள். நார் எரிந்துவிட, உருவம் மாறாமல் வெளுத்து நிற்கும். விரலால் அழுத்தினால் பொடியாகும். இரண்டில் எது குறைந்தாலும் எலும்பு எலும்பாக இராது என்பதைச் சிறுவர்களுக்கு இதைவிடத் தெளிவாக விளக்க இயலாது.

எனினும் உப்பும் நாரும் கட்டடப் பொருள்களே. அவற்றைக் கொண்டு கட்டுவோர் யார்? பழுதுபார்ப்போர் யார்? இங்கேதான் உயிரணுக்களின் கதை தொடங்குகிறது.

செந்நிற எலும்பு சொன்ன செய்தி

எலும்பு மாறிக்கொண்டே இருக்கிறது என்பதை உலகம் அறிந்தது ஒரு விருந்து மேசையில். இலண்டனைச் சேர்ந்த ஜான் பெல்ச்சர் என்னும் அறுவை மருத்துவர், துணிக்குச் சாயம் போடும் ஒருவரது வீட்டில் உணவருந்தச் சென்றார். பரிமாறப்பட்ட பன்றி இறைச்சியில் எலும்புகள் மட்டும் செந்நிறமாக இருந்தன. காரணத்தை வினவினார். சாயப் பட்டறையில் மிஞ்சிய மஞ்சிட்டி இன வேரின் சாயம் ஊறிய தவிட்டை அப்பன்றிகள் தின்று வளர்ந்தன என்று தெரிந்தது. 1736இல் பெல்ச்சர் இச்செய்தியை அறிஞர் அவைக்கு எழுதி அனுப்பினார்.

அதன்பின் பிரான்சு நாட்டில் துயமெல் என்பவரும், இங்கிலாந்தில் ஜான் ஹன்டர் என்பவரும் விலங்குகளுக்குச் சில காலம் அந்த வேரைக் கொடுத்தும், சில காலம் நிறுத்தியும் சோதித்தனர். வேர் கொடுத்த காலத்தில் புதிதாக உருவான எலும்பு சிவந்தது. நிறுத்திய காலத்தில் உருவானது வெள்ளையாக இருந்தது. எலும்பு ஒரு புறம் படிகிறது, மற்றொரு புறம் அகற்றப்படுகிறது என்னும் உண்மை இவ்வாறு வெளியாயிற்று. அந்த வேலையைச் செய்யும் உயிரணுக்களை நுண்ணோக்கியின் வழியே அடையாளம் கண்டு பெயரிட மேலும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. கட்டும் உயிரணுவுக்கு 1864இல் கேகன்பவுர் என்பவரும், உடைக்கும் உயிரணுவுக்கு 1873இல் கோலிக்கர் என்பவரும் பெயரிட்டனர். இருவரும் உடற்கூற்றியல் அறிஞர்கள்.

கட்டுவோர்

கட்டும் உயிரணுக்களை மருத்துவ நூல்கள் 'ஆஸ்டியோபிளாஸ்ட்' என்கின்றன. எலும்பு மஜ்ஜையில் உள்ள மூல உயிரணுக்களிலிருந்து இவை தோன்றுகின்றன. கொத்தனார்கள் வரிசையாக அமர்ந்து சுவர் எழுப்புவதைப் போல, எலும்பின் மேற்பரப்பில் இவை அருகருகே ஒட்டி நின்று வேலை செய்கின்றன. முதலில் கொலாஜன் நாரைச் சுரந்து, பாய் முடைவது போல அடுக்கடுக்காகப் பரப்புகின்றன. அந்தப் பாய் மென்மையானது. சில நாட்கள் கழித்து அதில் சுண்ணாம்பு உப்பு படியத் தொடங்குகிறது. உப்புப் படிந்து இறுகியபின்பே அது எலும்பு.

இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் 'டி'யும் குறைந்திருந்தால், கொத்தனார் இருந்தும் சிமெண்ட் இல்லாத நிலை ஏற்படும். பாய் விரிக்கப்படும், ஆனால் இறுகாது. குழந்தைகளின் கால்கள் வில்லாக வளையும் 'ரிக்கெட்ஸ்' நோய் இதனால் வருவதே. பெரியவர்களுக்கு இதே குறை எலும்பு வலியாகவும், மாடிப்படி ஏறத் தளர்ச்சியாகவும் தோன்றும்.

இந்த உயிரணுக்களின் வேலைக்காலம் சில மாதங்களே. வேலை முடிந்ததும் பெரும்பாலானவை மடிந்துபோகின்றன. சில, தட்டையாகிப் படுத்து எலும்பின் மேற்பரப்பை மூடிக்கொள்கின்றன. வேறு சில, தாம் கட்டிய சுவருக்குள்ளேயே அடைபட்டுவிடுகின்றன. இவ்விரு வகையினரைப் பற்றிப் பின்னர் காண்போம்.

உடைப்போர்

உடைக்கும் உயிரணுவுக்கு 'ஆஸ்டியோகிளாஸ்ட்' என்று பெயர். இது பிறப்பிலேயே வேறு குலம். நோய்க்கிருமிகளை விழுங்கும் வெள்ளை இரத்த அணுக்கள் தோன்றும் அதே வழியில் தோன்றுவது. பல உயிரணுக்கள் ஒன்றாக இணைந்து ஒரே பெரிய உயிரணுவாக ஆவதால், இதனுள் ஐந்து, பத்து, இருபது என்று பல உட்கருக்கள் காணப்படும். சில, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட வளரும். உயிரணுக்களின் உலகில் இது ஓர் அரக்கனே.

இது வேலை செய்யும் விதம் வியப்புக்குரியது. எலும்பின் மேல் அமர்ந்து, தன் ஓரங்களை இறுக ஒட்டிக்கொள்கிறது. கவிழ்த்த கிண்ணத்தின் அடியில் உள்ள இடம் போல ஒரு மூடிய அறை அங்கே உண்டாகிறது. அதற்குள் நம் இரைப்பையில் சுரக்கும் அதே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் செலுத்துகிறது. அமிலம் உப்பைக் கரைக்கிறது. பின்னர் ஒரு நொதியைச் சுரந்து நாரையும் சிதைக்கிறது. காடியில் ஊறிய கோழி எலும்பை இங்கே நினைவுகூரலாம். கரைந்த சுண்ணாம்பு இரத்தத்தில் கலந்துவிட, எலும்பில் ஒரு சிறு குழி எஞ்சுகிறது.

இதனைப் படிப்போர், "இந்த அரக்கன் இல்லாதிருந்தால் எத்துணை நலம்!" என்று எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவோருக்கு இயற்கையே ஒரு மறுமொழி தந்திருக்கிறது. 1904இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் அல்பர்ஸ்-ஷோன்பெர்க் என்னும் எக்ஸ்ரே மருத்துவர் ஒரு விந்தையான நோயை விவரித்தார். நோயாளியின் எலும்புகள் படத்தில் பளிங்கு போல அடர்ந்து வெளுத்துத் தெரிந்தன. 'பளிங்கு எலும்பு நோய்' என்றே அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. உடைக்கும் உயிரணுக்கள் இல்லாமையோ, இருந்தும் வேலை செய்யாமையோ இதற்குக் காரணம். எலும்பு பருக்கிறது, ஆனால் வலிமை பெறுவதில்லை. பழையது அகற்றப்படாமையால் சுண்ணக்கட்டி போல எளிதில் ஒடிகிறது. இந்நோயின் கடுமையான வகை குழந்தைகளைத் தாக்குகிறது. மஜ்ஜைக்கு இடமின்றி இரத்தம் குன்றுகிறது. மண்டையோட்டில் நரம்பு செல்லும் துளைகள் குறுகிப் பார்வை மங்குகிறது.

1980இல் அமெரிக்காவின் மினசோட்டா மருத்துவர்கள், இந்நோய் கண்ட ஒரு பெண் குழந்தைக்கு அதன் சகோதரனின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்திய செய்தியை வெளியிட்டனர். மஜ்ஜை வேர்கொண்டதும், குழந்தையின் எலும்பில் புதிய உடைக்கும் உயிரணுக்கள் தோன்றி வேலையைத் தொடங்கின. அவை சகோதரனிடமிருந்து வந்தவை என்பதற்கு அவற்றிலிருந்த ஆண் குரோமோசோமே சான்றாயிற்று. உடைப்பவன் பகைவன் அல்லன், இன்றியமையாத வேலையாள் என்பதை அக்குழந்தை நமக்குக் கற்பித்தது.

சுவருக்குள் வாழ்வோர்

கட்டும் உயிரணுக்களில் சில சுவருக்குள் அடைபடுகின்றன என்றோம். அவற்றுக்கு 'ஆஸ்டியோசைட்' என்று பெயர். எலும்பில் உள்ள உயிரணுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை இவையே. வளர்ந்த ஒருவரின் எலும்புக்கூட்டில் இவை ஏறத்தாழ 4200 கோடி இருக்கலாம் என்று 2015இல் வெளியான ஒரு கணக்கீடு கூறுகிறது. கட்டுவோரும் உடைப்போரும் வாரங்களிலும் மாதங்களிலும் மடிய, இவை பல்லாண்டுகள் வாழ வல்லவை.

சிறைப்பட்டவை என்று இவற்றுக்காக இரங்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் தலைமயிரினும் மெல்லிய கைகளைப் பல திசைகளிலும் நீட்டி, நுண்ணிய கால்வாய்கள் வழியே அண்டை உயிரணுக்களின் கைகளைப் பற்றிக்கொண்டிருக்கிறது. அக்கால்வாய்களில் திரவம் ததும்புகிறது. நாம் நடக்கும்போதும், சுமை தூக்கும்போதும் எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைகிறது, திரவம் அசைகிறது. அந்த அசைவை இவ்வுயிரணுக்கள் உணர்ந்து, "இங்கே பாரம் மிகுதி, சுவரை வலுப்படுத்துங்கள்" என்று கட்டுவோருக்குச் செய்தி அனுப்புகின்றன. எங்கேனும் நுண்ணிய கீறல் விழுந்தால், "இங்கே பழுது, முதலில் இதனை அகற்றுங்கள்" என்று உடைப்போரை அழைக்கின்றன. அசைவே இல்லாவிடில், "இங்கே இவ்வளவு சுவர் தேவையில்லை" என்று முடிவு செய்கின்றன.

எலும்பு தான் தாங்கும் பாரத்திற்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்கிறது என்பதை 1892இல் பெர்லின் அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் நூலாக எழுதினார். அதைச் செய்விப்பவை இச்சுவர்வாசிகளே என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. டென்னிஸ் ஆட்டக்காரரின் மட்டை பிடிக்கும் கை எலும்பு மறு கையைவிடத் தடித்திருப்பது இதனால்தான். எடையற்ற விண்வெளியில் மாதக்கணக்கில் தங்குவோர், இடுப்பு எலும்பின் திண்மையில் மாதத்திற்கு நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு வரை இழப்பதும் இதனால்தான். படுத்த படுக்கையாகக் கிடப்போருக்கு நேர்வதும் ஏறக்குறைய அதுவே. இதனை வாசகர்கள் நினைவில் இருத்துமாறு வேண்டுகிறோம், பின்னர் தேவைப்படும்.

நான்காம் வகையினர், மேற்பரப்பை மூடிப் படுத்திருக்கும் தட்டையான உயிரணுக்கள். இவர்களை வாயிற்காவலர் எனலாம். உள்ளிருந்து அழைப்பு வந்ததும் விலகி உடைப்போருக்கு வழிவிடுவதும், தேவை நேர்ந்தால் மீண்டும் எழுந்து கட்டுவோராக மாறுவதும் இவர்கள் பணி.

வரவும் செலவும்

இந்நால்வரும் சேர்ந்து செய்யும் வேலை வாழ்நாள் முழுவதும் ஓய்வதில்லை. ஓரிடத்தில் உடைப்போர் குழி தோண்டச் சில வாரங்கள் ஆகின்றன. கட்டுவோர் அக்குழியை நிரப்பி இறுக்கப் பல மாதங்கள் ஆகின்றன. உடைப்பது விரைவு, கட்டுவது மெதுவு. வீடு கட்டிய எவரும் இதனை அறிவர். இவ்வாறு ஆண்டுதோறும் எலும்புக்கூட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு புதிதாகிறது. எழுபது வயது மூதாட்டியின் உடலில் இருப்பது எழுபது ஆண்டுப் பழைய எலும்பு அன்று.

சிறுவயதிலும் இளமையிலும் வரவு மிகுதி. முப்பது வயதளவில் கையிருப்பு உச்சத்தை எட்டுகிறது. சில ஆண்டுகள் வரவும் செலவும் சமமாக நிற்கின்றன. பின்னர் செலவு சிறிது சிறிதாக மேலோங்குகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைகிறது. உடைப்போரை அடக்கி வைத்திருந்தது அச்சுரப்பே. கடிவாளம் தளரவே, அவை எண்ணிக்கையில் பெருகி, நீண்ட நாள் வாழ்ந்து, ஆழமாகத் தோண்டுகின்றன. அடுத்த சில ஆண்டுகளில் எலும்பின் திண்மை விரைவாகக் குறைகிறது. இதுவே எலும்புத் தேய்வு அல்லது எலும்புப் புரை. வலி தராது, அறிகுறி காட்டாது. முதுகு சற்றே கூனுவதும், உயரம் குறைவதும், சிறு விழுதலில் எலும்பு ஒடிவதுமே அதன் முதல் அறிவிப்பு. நம் மூதாட்டியின் எலும்பு கண்ணாடி வளையல் போல உடைந்ததற்கு விளக்கம் இதுவே.

வயதைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. புகையும் மதுவும் கட்டுவோரைத் தளர்த்துகின்றன. மூட்டு வலிக்கும் மூச்சிரைப்புக்கும் மருத்துவரைக் கேளாமல் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கப்படும் ஸ்டீராய்டு மாத்திரைகள் கட்டுவோரை அழிக்கவே செய்கின்றன. உடனே வலி குறைகிறது என்று அவற்றை நம்புவோர், பின்னால் எலும்பால் விலை கொடுக்கின்றனர். அதே வேளையில், மருத்துவர் எழுதிக் கொடுத்து உண்டுவரும் ஸ்டீராய்டைத் தாமாகத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. அவரைக் கேட்டே எதையும் செய்ய வேண்டும்.

கட்டுவது மிகுந்தால் நலம் என்றும் கருதிவிடலாகாது. ஃபுளூரைடு மிகுந்த நீரைப் பல்லாண்டு பருகுவோரின் எலும்பில் கட்டும் வேலை அளவு மீறுகிறது. எலும்பு தடித்தும் ஒழுங்கின்றியும் வளர்கிறது. தசைநார்களிலும் சுண்ணாம்பு படிகிறது. முதுகு குனிய முடியாமல் இறுகுகிறது. இக்கொடுமையை அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் கண்டு 1937இல் மருத்துவர்கள் எழுதினர். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் இதனால் துன்புற்றவையே. 2013இல் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அம்மாவட்டங்களுக்காகவே வந்தது. சமநிலையே எலும்பின் நலம்.

முறிந்த எலும்பு ஒட்டும் விதம்

இனி அந்த மகன் கேட்ட கேள்விக்கு வருவோம். கிழ எலும்பு ஒட்டுமா?

எலும்பு முறிந்தவுடன் அவ்விடத்தில் இரத்தம் கசிந்து உறைகிறது. அவ்வுறைவுக்குள் மூல உயிரணுக்கள் வந்து சேர்கின்றன. இரண்டு மூன்று வாரங்களில் மெல்லிய குருத்தெலும்பு இரு முனைகளையும் பாலமாக இணைக்கிறது. அதன்பின் கட்டும் உயிரணுக்கள் அப்பாலத்தை உறுதியான எலும்பாக மாற்றுகின்றன. இறுதியில் உடைப்போர் வந்து, வேண்டாத புடைப்பைச் செதுக்கிப் பழைய வடிவத்தை மீட்கின்றனர். கை எலும்புக்கு ஆறு வாரம் என்றால், கால் எலும்புக்கு மூன்று மாதமோ, அதற்கு மேலோ ஆகலாம். மாவுக்கட்டு எலும்பை ஒட்டுவதில்லை. உயிரணுக்கள் தம் வேலையைச் செய்து முடிக்கும்வரை முனைகள் அசையாமல் அது பிடித்துக்கொள்கிறது; அவ்வளவே.

முதுமையில் இவ்வேலையின் வேகம் குறையலாம், வேலை நின்றுவிடுவதில்லை. தொண்ணூறு வயதினரின் எலும்பும் ஒட்டுகிறது. ஒரு விதிவிலக்கு உண்டு. தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து விலகினால், அதன் தலைப்பகுதிக்குச் செல்லும் இரத்தம் அறுபட்டுவிடக்கூடும். இரத்தமின்றி உயிரணு வாழாது. அத்தகைய முறிவில், தலைப்பகுதியை அகற்றி உலோகத்தாலான ஒன்றைப் பொருத்துகின்றனர். கழுத்துக்குக் கீழே முறிந்தாலோ, அங்கே இரத்த ஓட்டம் மிகுதி; தண்டோ தகடோ கொண்டு நிலைநிறுத்தினால் நன்றாகவே ஒட்டும்.

அப்படியானால் அறுவை எதற்கு, கட்டிலில் அசையாமல் கிடந்தே ஒட்டட்டுமே என்று கேட்கலாம். இங்கேதான் பெரிய அபாயம் ஒளிந்திருக்கிறது. இடுப்பு முறிந்த முதியவர் வாரக்கணக்கில் மல்லாந்து கிடந்தால் முதுகில் புண் வைக்கிறது. நுரையீரலில் சளி தேங்கிக் காய்ச்சல் காண்கிறது. கால் நரம்புகளில் இரத்தம் உறைகிறது. சுவருக்குள் வாழும் உயிரணுக்களோ, அசைவு இல்லை என்று கண்டு மற்ற எலும்புகளையும் மெலியச் செய்கின்றன. இடுப்பு முறிந்த முதியோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகின்றனர் என்பது பல நாட்டு மருத்துவர்களும் கண்ட உண்மை. உயிரைக் கொண்டுபோவது பெரும்பாலும் எலும்பு முறிவு அன்று. அதன்பின் வரும் படுக்கையே. ஆகவேதான் உடல்நிலை இடங்கொடுத்தால் இரண்டு நாட்களுக்குள் அறுவை செய்து, மறுநாளே நோயாளியை எழுப்பி உட்கார வைக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துகின்றனர்.

நம் இல்லங்களில் செய்யத்தக்கவை

முதலாவது, உணவு. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு 1200 மில்லிகிராமும் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வரையறுத்தது. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உண்டு. முருங்கைக்கீரையிலும் 300க்குக் குறையாது. எள், பால், தயிர், முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவையும் சிறந்தவை. கேழ்வரகுக் கூழை ஏழைகளின் உணவு என்று ஒதுக்கிய குடும்பங்கள் அதனை மீண்டும் அடுப்பேற்றலாம். பருப்பு, முட்டை, மீன் ஆகியவற்றின் புரதமும் வேண்டும். நார் அதிலிருந்தே உருவாகிறது.

இரண்டாவது, வெயில். வைட்டமின் 'டி' இல்லாமல் உண்ட சுண்ணாம்பு உடலில் சேராது. தோலில் அதனை உண்டாக்கும் ஒளிக்கதிர், முற்பகல் பதினொரு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையே மிகுதி. அதிகாலை இளவெயிலில் குறைவு. முகமும் கைகளும் படுமாறு சிறிது நேரம் முற்றத்தில் நின்றால் போதும். சன்னல் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும்.

மூன்றாவது, அசைவு. "பாட்டி, நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், உட்காருங்கள்" என்று அன்பினால் முதியவர்களைக் கட்டிப்போடுகிறோம். அவர்கள் எலும்பும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. கோவில் வரை நடக்கட்டும், பூச்செடிக்கு நீர் ஊற்றட்டும், படியேறி இறங்கட்டும். வளரும் பிள்ளைகள் ஓடட்டும், குதிக்கட்டும், கயிறு தாண்டட்டும். முப்பது வயதுக்குள் சேர்த்த கையிருப்பே எழுபதில் உதவும்.

நான்காவது, விழாமல் காத்தல். கொல்லைப்புறப் பாசியைச் சுரண்டிக் கழுவுங்கள். குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி பதியுங்கள். இரவில் எழும் முதியவருக்கு ஒரு சிறு விளக்கு எரியட்டும். தேய்ந்த செருப்பையும் பழைய மூக்குக் கண்ணாடியையும் மாற்றிக் கொடுங்கள். இவற்றுக்கு ஆகும் செலவு, ஓர் அறுவைக்கு ஆகும் செலவில் சிறு துளி.

ஐந்தாவது, மருத்துவம். அறுபத்தைந்து வயதைக் கடந்த பெண்களும், சிறு விழுதலில் ஒருமுறை எலும்பு முறிந்த எவரும் எலும்புத் திண்மையைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. உடைப்போரை அடக்கும் 'அலெண்ட்ரோனேட்' போன்ற மாத்திரைகளும், கட்டுவோரைத் தூண்டும் ஊசிகளும் இன்று உள்ளன. யாருக்கு எது ஏற்றது என்பதை மருத்துவரே கூற வேண்டும். அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு குவளை நீருடன் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள். இல்லையேல் உணவுக்குழல் புண்ணாகும்.

பட்ட மரம் அன்று

அன்று திண்ணையில் அமர்ந்து, இவற்றுள் நமக்குத் தெரிந்த சிலவற்றை அம்மகனுக்குச் சொன்னோம். நம் பங்கைச் சேர்ந்த மருத்துவர் ஒருவரையும் தொலைபேசியில் அழைத்துப் பேசச் செய்தோம். "உங்கள் அம்மாவின் எலும்பு ஒட்டும், அவர் படுத்தே கிடந்தால்தான் மீளமாட்டார்" என்று அவர் கூறிய சொல் மகனின் மனத்தை அசைத்தது. அன்று மாலையே மூதாட்டியை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். முறிவு தொடை எலும்பின் கழுத்துக்குக் கீழே இருந்தது. மறுநாள் தண்டு பொருத்தினர். அதற்கு அடுத்த நாள் இருவர் தாங்க, அவர் கட்டிலின் விளிம்பில் கால் தொங்க அமர்ந்தார்.

மூன்று மாதம் கழித்து நாம் மீண்டும் அவ்வீட்டுக்குச் சென்றபோது, நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்தபடி அவரே வாசலுக்கு வந்தார். மகன் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். முறிந்த இடத்தில் வெண்மேகம் போலப் புதிய எலும்பு படர்ந்திருந்தது. துவைக்கும் கல்லருகே பாசி இல்லை. சுவரில் ஒரு கைப்பிடி பதிக்கப்பட்டிருந்தது.

"பட்ட மரம் என்றாயே" என்று மகனைச் செல்லமாகக் கடிந்துகொண்டு, மூதாட்டி முருங்கை மரத்தடியில் போய் வெயிலில் அமர்ந்தார். எழுபத்து நான்கு வயது எலும்புக்குள் கொத்தனார்கள் வேலையை நிறுத்தவில்லை.